எதை முதலில் இணைப்பது?
தும்பா ராக்கெட்டும் வீட்டில் கட்டும் விமானமும்

1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் மாலை, திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் மீனவர் ஊரின் கடற்கரையிலிருந்து நைக்-அப்பாச்சி என்ற இரு கட்ட ராக்கெட்டு ஒன்று விண்ணை நோக்கி எழுந்தது. உயர் வளிமண்டலத்தில் அது வெளியிட்ட சோடிய ஆவி, மறைந்துகொண்டிருந்த கதிரவனின் ஒளிபட்டு ஆரஞ்சு நிறக் கோடாக ஒளிர்ந்தது. மிக உயரத்தில் காற்று எத்திசையில், எவ்வளவு விரைவாக வீசுகிறது என்பதை அறிவதற்கே அச்சோதனை நடத்தப்பெற்றது. இந்திய விண்வெளி ஆராய்ச்சியின் முதல் ராக்கெட்டு என்று வரலாறு அதைக் குறித்து வைத்திருக்கிறது.

அந்த ராக்கெட்டு முழு உருவில் தும்பாவுக்கு வந்து சேரவில்லை. அமெரிக்காவிலிருந்து பகுதி பகுதியாக வந்தது. அதன் முனையில் வைக்கப்பெற்ற சோடிய ஆவிக் கருவி பிரான்சு நாட்டிலிருந்து வந்தது. இவற்றை ஒன்றாக இணைப்பதற்கென்று கட்டப்பெற்ற தொழிற்கூடம் எதுவும் அங்கே இல்லை. கடலோரத்தில் நின்ற புனித மரிய மக்தலேனா ஆலயமே தொழிற்கூடமாயிற்று. அருகிலிருந்த ஆயர் இல்லம் அலுவலகமாயிற்று. அமெரிக்காவில் சில மாதங்கள் பயிற்சி பெற்றுத் திரும்பியிருந்த இளம் பொறியாளர் சிலரே வேலையை மேற்கொண்டனர். இணைப்புப் பணிக்கும் பாதுகாப்புக்கும் பொறுப்பாளராக இருந்தவர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம். ராக்கெட்டை ஒன்றுசேர்க்கும் வேலையை ஈசுவரதாசும், ராடார், தொலை அளவைக் கருவிகள் ஆகியவற்றை அரவமுதனும் கவனித்தனர்.

வேறிடத்தில் செய்யப்பெற்ற உறுப்புகள். அவ்வேலைக்கென அமையாத ஒரு கட்டடம். கைவிட்டு எண்ணத்தக்க ஆட்கள். தவறு நேர்ந்தால் மீண்டும் பெறுவதற்கரிய பொருள்கள். இன்று உலகின் பல நாடுகளில், தம் வீட்டுக் கொட்டகையில் ஒரு சிறு விமானத்தைத் தாமே கட்டிக்கொள்வோரின் நிலையும் இதுவேயாகும். இரு சாராரும் முதலில் விடை காண வேண்டிய வினாவும் ஒன்றே: எந்த உறுப்பை முதலில் இணைப்பது, எதைக் கடைசியில் இணைப்பது?

வீட்டில் கட்டும் விமானம்

விமானத்தின் உறுப்புகளைத் தகடாகவும் விலாச் சட்டமாகவும் குழாயாகவும் செய்து, துளையிட்டு, பெட்டிகளில் அடைத்து விற்கும் நிறுவனங்கள் பல உள்ளன. அமெரிக்காவில் 1973இல் தோன்றிய வான்ஸ் நிறுவனத்தின் உறுப்புத் தொகுதிகளைக் கொண்டு கட்டி முடித்துப் பறக்கவிடப்பெற்ற விமானங்கள் மட்டுமே பதினாயிரத்தைத் தாண்டிவிட்டன. அந்நாட்டு விதிப்படி, இத்தகைய விமானத்தைக் கட்டும் வேலையில் பாதிக்கு மேற்பட்டதை உரியவரே, கல்வியின் பொருட்டோ பொழுதுபோக்கின் பொருட்டோ, செய்திருத்தல் வேண்டும்.

நம் நாட்டினரும் இம்முயற்சியில் பின்தங்கியவரல்லர். மும்பையில் விமான ஓட்டியாகிய அமோல் யாதவ், தம் குடியிருப்பின் மொட்டை மாடியிலேயே ஆறு இருக்கை கொண்ட ஒரு விமானத்தைக் கட்டினார். அது 2016இல் மும்பைக் கண்காட்சியில் வைக்கப்பெற்றது. 2017இல் முறைப்படி பதிவும் பெற்றது. கேரளத்தின் ஆலப்புழையிலிருந்து சென்று இங்கிலாந்தில் வாழும் பொறியாளர் ஒருவர், தென்னாப்பிரிக்காவில் செய்யப்பெற்ற ஸ்லிங் என்னும் நான்கு இருக்கை விமானத்தின் உறுப்புத் தொகுதியை வாங்கி, பெருந்தொற்றுக் காலமாகிய 2020இல் வேலையைத் தொடங்கினார். 2022இல் அவ்விமானத்தில் தம் குடும்பத்தாருடன் பறந்தார்.

உறுப்புகள் எல்லாம் கைக்கு வந்துவிட்டால் வேலை எளிதன்றோ என்று தோன்றலாம். உண்மையில் இவ்வேலையில் இறங்குவோரைப் பெரிதும் வருத்துவது எந்த ஓர் உறுப்பின் கடினமும் அன்று. வரிசையில் நேரும் பிழையே. ஆயிரக்கணக்கான ஆணிகளை அடித்து ஓர் இறக்கையை மூடிய பிறகு, உள்ளே ஒரு மின்கம்பியை இழுக்க மறந்தது நினைவுக்கு வந்தால் என்ன செய்வது? அடித்த ஆணிகளைத் துளையிட்டு எடுக்க வேண்டும். எடுக்கும்போது துளை பெரிதாகும், தகடு கெடும். ஒரு நிமிட மறதிக்குப் பல நாள் உழைப்பு விலையாகும்.

சிறியதிலிருந்து பெரியதற்கு

உறுப்புத் தொகுதிகளை விற்போர் பலரும் முதலில் அனுப்புவது விமானத்தின் வால் பகுதியை. அடுத்து இறக்கைகள், அதன் பின் உடற்பகுதி, இறுதியில் சக்கரங்கள், கண்ணாடி மூடி முதலிய முடிப்புப் பொருள்கள். வாலில் தொடங்குவதற்குக் காரணம் இரண்டு.

முதலாவது, வால் சிறியது. ஓர் இறக்கையில் பயிலவேண்டிய வேலைகள் யாவும் அதில் சிறிய அளவில் அடங்கியுள்ளன. தகட்டின் துளை ஓரங்களில் உள்ள பிசிறை நீக்குதல், ஆணித்தலை தகட்டோடு சமமாகப் படியும்படி துளையைச் சுற்றிக் குழிவு செய்தல், ரிவெட்டு அடித்தல் ஆகிய அனைத்தையும் கட்டுபவர் அங்கேயே கற்றுக்கொள்கிறார். மூன்று மில்லிமீட்டர் தடிப்புள்ள ரிவெட்டு ஆணியை அடித்தால், மறுபுறத்தில் நசுங்கி உருவாகும் தலை ஏறத்தாழ நாலரை மில்லிமீட்டர் அகலமும் ஒன்றரை மில்லிமீட்டர் உயரமும் கொண்டதாக அமைய வேண்டும். துளையின் நடுவிடம் தகட்டின் ஓரத்திலிருந்து ஆணித் தடிப்பைப்போல் இருமடங்கேனும் தள்ளி இருக்க வேண்டும். இத்தகைய நுட்பங்கள் ஏட்டைப் படித்து வருவன அல்ல, கைப்பழக்கத்தால் வருவன.

இரண்டாவது, கற்கும்போது பிழை நேருவது இயல்பு. வாலின் ஒரு தகடு கெட்டால் மாற்றுத் தகட்டின் விலை சிறிது. அதே பிழை இறக்கையின் முதன்மைத் தண்டில் நேர்ந்தால் இழப்பு மிகப் பெரிது. ஆகவே தொடக்கத்தில் நேரும் பிழைகளை மலிவான உறுப்பில் நேரச் செய்வதே முறையாயிற்று.

கை எட்டும்போதே முடித்தல்

இணைப்பு வரிசையின் உயிர்நாடி இதுவே. விமானத்தின் இறக்கை ஒரு மூடிய பெட்டி போன்றது. உள்ளே நீண்ட தண்டும், அதன் குறுக்கே விலாச் சட்டங்களும், மேலும் கீழும் தகடுகளும் உள்ளன. ரிவெட்டு அடிக்கும்போது ஒருபுறம் சுத்தி அடிக்க, மறுபுறம் ஒருவர் கனமான இரும்புக் கட்டையை ஆணியின் அடியில் அணைத்துப் பிடிக்க வேண்டும். ஒருபுறத் தகட்டை அடித்து முடிக்கும்வரை மறுபுறம் திறந்திருக்கிறது; கை தாராளமாக உள்ளே செல்கிறது. மறு தகட்டையும் அடித்துவிட்டால் உள்ளிடம் அடைபட்டுவிடும். பின்னர் ஆய்வுக்கென விடப்பெற்ற சிறு திறப்புகளே மிஞ்சும்.

எனவே, எந்தப் பக்கத்தை மூடுவதற்கு முன்பும் கட்டுபவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்று உண்டு: மூடிய பிறகு என் கை எட்டாத இடம் எது? அவ்விடத்தில் செய்யவேண்டிய யாவும் இப்போதே முடிந்தாக வேண்டும். மின்கம்பி செல்லும் குழாய், காற்றின் விரைவை அளக்கும் கருவிக்கான குழல், இறக்கைத் தகடுகளை அசைக்கும் கோல், அவற்றின் மறை ஆணிகளுக்கான பூட்டுக் கம்பி ஆகிய ஒவ்வொன்றும் பட்டியலில் இடம்பெற்று, ஒவ்வொன்றுக்கு எதிரிலும் முடிந்ததற்கான அடையாளம் இடப்பெற வேண்டும். இங்கிலாந்தில் இவ்வகை விமானங்களைக் கட்டுவோர், மூடுவதற்கு முன் தகுதி பெற்ற ஆய்வாளர் ஒருவரை அழைத்து உட்புறத்தைக் காட்டுவது வழக்கமாக உள்ளது. ஒரே வேலையை நாள்தோறும் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தெரியாத குறை, புதிய கண்ணுக்குத் தெரியும்.

பெட்ரோல் தொட்டிக்கும் இதே விதி பொருந்தும். தொட்டியின் இணைப்புகளில் பசை போன்ற அடைப்புப் பொருளைத் தடவி மூடுகிறார்கள். அதை இறக்கையில் பொருத்துவதற்கு முன்பே, உள்ளே சிறிதளவு அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி எழுகிறதா என்று பார்க்க வேண்டும். மேசைமேல் உள்ள தொட்டியின் கசிவை அடைப்பது ஒரு நாள் வேலை. இறக்கையில் ஏறிவிட்ட தொட்டியின் கசிவை அடைப்பது வேறு கதை.

இருமுறை கட்டுதல்

புதிதாகத் தொடங்குவோர்க்கு வியப்பளிக்கும் செய்தி ஒன்று உண்டு. தகட்டு விமானம் பெரும்பாலும் இருமுறை கட்டப்பெறுகிறது. முதல் முறை, உறுப்புகளைத் தற்காலிகப் பிடிப்பு ஊசிகளால் கோத்து, துளைகள் நேருக்கு நேர் அமைகின்றனவா என்று பார்த்து, அவற்றை இறுதி அளவுக்குத் துளைக்கிறார்கள். பின்னர் எல்லாவற்றையும் பிரித்தெடுத்து, பிசிறு நீக்கி, குழிவு செய்து, அரிப்பைத் தடுக்கும் பூச்சுப் பூசுகிறார்கள். அதன் பிறகே மீண்டும் கோத்து ரிவெட்டு அடிக்கிறார்கள்.

இதை வீண்வேலை என்று கருதி ஒரே முறையில் முடிக்க முயல்வோர், தகடுகளின் நடுவே உலோகத் துகளையும் பிசிறையும் அடைத்து வைத்துவிடுகிறார்கள். பிசிறுள்ள துளையின் ஓரத்தில் காலப்போக்கில் நுண்ணிய வெடிப்பு தோன்றக் கூடும். திருவனந்தபுரம் போன்ற கடலோர நகரங்களில் உப்புக் காற்றும் ஈரமும் அலுமினியத்தின் பகைவர்கள். இரு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் ஈரம் தங்கினால், வெளியே தெரியாமலே உலோகம் அரிக்கப்படும். அவ்விடத்தில் பூச்சுப் பூசுவதற்கு, பிரித்து வைத்திருக்கும் அந்தச் சில நாள்களே வாய்ப்பாகும்.

கடைசியில் செய்யவேண்டியவை

முதலில் செய்யவேண்டியவை எவையென்று அறிவது போலவே, கடைசிவரை செய்யக் கூடாதவை எவையென்று அறிவதும் வேண்டும்.

எஞ்சினும் மின்னணுக் கருவிகளும் இவ்வகையைச் சேர்ந்தவை. விமானத்தின் விலையில் பெரும்பங்கு இவற்றுக்கே செல்கிறது. வேலை பல ஆண்டுகள் நீளக்கூடும். ஓடாமல் கிடக்கும் எஞ்சினின் உட்புறத்தில் ஈரம் படிந்து துருவேறும். உற்பத்தியாளர் தந்த பொறுப்புக் காலம் பெட்டிக்குள்ளேயே கழிந்துவிடும். கருவிகளோ சில ஆண்டுகளில் பழையனவாகிவிடும். ஆகவே இவற்றைத் தேவையான காலத்துக்குச் சற்று முன்னர் வாங்குவதே அறிவுடைமை.

வண்ணம் பூசும் காலமும் எண்ணிப் பார்க்கத் தக்கது. இறக்கையிலும் வாலிலும் கீலில் அசையும் தகடுகள் உள்ளன. கீலுக்குப் பின்புறத்தில் எடை மிகுந்தால், விரைந்து பறக்கும்போது அத்தகடுகள் கட்டுக்கடங்காமல் படபடக்கத் தொடங்கலாம். அந்த அதிர்வு சில நொடிகளில் விமானத்தையே சிதைக்க வல்லது. ஆகவே கீலின் முன்புறத்தில் ஈடு எடை வைத்துச் சமன் செய்கிறார்கள். வண்ணப் பூச்சின் எடையோ பெரும்பாலும் கீலின் பின்புறத்திலேயே ஏறுகிறது. எனவே சமநிலைச் சோதனை வண்ணம் பூசியதற்குப் பிறகே இறுதியாகச் செய்யப்பெற வேண்டும். வரிசை மாறினால், தாளில் சரியாக இருந்த சமநிலை வானில் பிழையாகும்.

தும்பாவில் இவ்விதி இன்னும் கடுமையாக இருந்தது. திட எரிபொருள் ராக்கெட்டுக்குத் தீமூட்டி ஒன்று உண்டு. மின்சாரம் பாய்ந்தவுடன் அது எரிபொருளைப் பற்றவைக்கும். உடலில் தேங்கும் நிலைமின்சாரம்கூட ஆபத்தாக முடியலாம். ஆதலால் உலகெங்கும் ராக்கெட்டு நிலையங்களில் தீமூட்டியின் மின் இணைப்பு, மற்ற வேலைகள் யாவும் முடிந்து, தேவையற்றோர் அனைவரும் விலகிய பின்னரே செய்யப்பெறுகிறது. மீட்க முடியாத செயலைக் கடைசிக்குத் தள்ளுதல் என்னும் கொள்கை அது.

கதவும் பாரந்தூக்கியும்

இணைப்பு வரிசையைத் திட்டமிடுவோர் மறந்துவிடும் படி ஒன்று உண்டு. உறுப்பை இணைப்பதை எண்ணுகிறார்கள். இணைத்ததை எடுத்துச் செல்வதை எண்ணுவதில்லை. சிறு விமானம் ஒன்றின் இறக்கை விரிவு எட்டு, ஒன்பது மீட்டர் இருக்கும். வீட்டுக் கொட்டகையின் கதவோ இரண்டரை மீட்டர் அகலம். ஆகவே இறக்கைகளும் உடற்பகுதியும் தனித்தனியே முடிக்கப்பெற்று, விமான நிலையத்துக்கு வண்டியில் கொண்டுசெல்லப்பெற்று, அங்கேயே ஒன்றுசேர்க்கப்பெற வேண்டும். மொட்டை மாடியில் கட்டுபவருக்கோ கீழே இறக்கும் வழியும் திட்டத்தின் ஒரு பகுதியே.

தும்பாவில் நேர்ந்த நிகழ்ச்சி இதற்குச் சான்று. கலாம் தம் தன்வரலாற்றில் இதைக் குறித்துள்ளார். ஆலயத்தில் இணைத்து முடித்த ராக்கெட்டை ஏவுமேடைக்குக் கொண்டுசெல்ல ஒரு சுமைவண்டியும், எண்ணெய் அழுத்தத்தால் கையால் இயக்கப்பெறும் ஒரு பாரந்தூக்கியும் மட்டுமே இருந்தன. ஏறத்தாழ எட்டு மீட்டர் நீளமுள்ள ராக்கெட்டு தூக்கப்பெற்று ஏவுமேடையில் வைக்கப்பெறும் தறுவாயில் சாயத் தொடங்கியது. பாரந்தூக்கியின் எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. ஏவுவதற்குக் குறித்த நேரமோ நெருங்கிக்கொண்டிருந்தது. பழுது பார்க்க இடமில்லை. அங்கிருந்தோர் கூடித் தம் கைவலிமையாலேயே ராக்கெட்டைத் தூக்கி மேடையில் அமர்த்தினர்.

அன்றைய துணிவு போற்றத் தக்கது. ஆயினும் அந்நிகழ்ச்சி தரும் படிப்பினை வேறு. கருவிகளைச் சோதிப்பதும் இணைப்பு வரிசையில் ஒரு படியே. உறுப்பைச் சோதிப்பது போலவே, அதைத் தூக்கும் கொக்கியையும் தாங்கும் கட்டிலையும் பயன்படுத்துமுன் சோதித்தாக வேண்டும்.

பின்னிருந்து முன்னோக்கி

அவ்வாறாயின் வரிசையை எப்படி வகுப்பது? 1950-களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கடற்படையினர் போலாரிஸ் ஏவுகணை வேலைக்கென ஒரு வரைபட முறையை வகுத்தனர். ஒவ்வொரு வேலையையும் ஓர் அம்புக்குறியாக வரைந்து, எது முடிந்தால் எதைத் தொடங்கலாம் என்று காட்டுவது அம்முறை. வீட்டில் விமானம் கட்டுபவருக்கும் ஒரு பெரிய தாளும் பென்சிலும் போதும்.

முதற்பறப்பைத் தாளின் வலது ஓரத்தில் எழுதுக. அதற்கு உடனே முன்னர் முடிந்திருக்க வேண்டியது எது? தரையில் ஓட்டிப் பார்த்தல். அதற்கு முன்? எடையிட்டு ஈர்ப்பு மையம் காணுதல். அதற்கு முன்? எஞ்சினை ஓட்டிப் பார்த்தலும் எரிபொருள் ஓட்டத்தை அளத்தலும். இவ்வாறு பின்னோக்கி வந்தால், இறுதியில் வாலின் முதல் தகட்டில் வந்து நிற்போம். எந்த வேலைகள் ஒன்றையொன்று எதிர்பார்ப்பவை, எவை தனித்து நடக்கத் தக்கவை என்பதும் அப்போது புலப்படும். பூச்சு உலரும் இரண்டு நாளில் சும்மா இராமல் வேறோர் உறுப்பில் கைவைக்கலாம்.

எடையிடும் முறை எளிது. ஓர் எடுத்துக்காட்டு: மூன்று சக்கரங்களின் அடியிலும் மூன்று தராசுகளை வைக்கிறோம். முன் சக்கரத்தில் 100 கிலோகிராம், பின் சக்கரங்கள் ஒவ்வொன்றிலும் 200 கிலோகிராம் என்று கொள்வோம். மொத்தம் 500. முன் சக்கரத்துக்கும் பின் சக்கர அச்சுக்கும் இடையே 1.5 மீட்டர் என்றால், 100-ஐ 1.5-ஆல் பெருக்கி 500-ஆல் வகுக்க 0.3 மீட்டர் வரும். அதாவது, ஈர்ப்பு மையம் பின் சக்கர அச்சுக்கு 30 சென்டிமீட்டர் முன்னால் உள்ளது. வரைபடம் விதித்த எல்லைக்குள் அது அமைந்தால் மட்டுமே விமானம் பறக்கத் தகும். எல்லா உறுப்புகளும், வண்ணமும், இருக்கையும் ஏறிய பிறகு செய்தால்தான் இக்கணக்குக்குப் பொருளுண்டு.

தும்பாவிலிருந்து எழுந்த அந்த முதல் ராக்கெட்டுக்கு நான்கு ஆண்டுகளின் பின், 1967 நவம்பர் 20ஆம் நாள், இந்தியாவிலேயே செய்யப்பெற்ற ரோகிணி-75 என்னும் சிறு ராக்கெட்டு அதே கடற்கரையிலிருந்து ஏவப்பெற்றது. அந்நிய உறுப்புகளை இணைக்கக் கற்ற கைகளே பின்னர் உறுப்புகளையும் செய்யக் கற்றன. அந்த ஆலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகமாக விளங்குகிறது. அங்கே செல்வோர் ராக்கெட்டுகளின் உருவத்தைக் கண்டு வியக்கின்றனர். அவற்றின் உள்ளே, ஒருமுறை மூடிய பிறகு எவர் கண்ணுக்கும் தெரியாத இணைப்புகள் பல உள்ளன. மூடுவதற்கு முன்னர் ஒருவர் அவற்றைப் பொறுமையுடன் பார்த்துச் சரியென்று குறித்தார் என்னும் நம்பிக்கையின் மீதே ராக்கெட்டும் எழுகிறது. வீட்டுக் கொட்டகையில் பிறந்த சிறு விமானமும் பறக்கிறது.